டோசர் பிளேட் மெதுவாக எழும்புகிறதா? பம்பைக் கழற்ற முன்னம் பார்க்க வேண்டியவை

போன முறை மாரி தொடங்க முன்னம், யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம் ஒரு குளம் தூர்வாரும் வேலையில் நின்ற டோசரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போய் இறங்கியதும் ஓப்பரேட்டர் சொன்ன முதல் வார்த்தை: "பம்ப் போட்டுது அண்ணை. கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒண்டு பாத்து வச்சிருக்கினம்." நான் தொலைபேசியை எடுத்து, பிளேட்டை நிலத்திலிருந்து உச்சிவரை தூக்கச் சொல்லி நேரம் பிடித்தேன். 11 செக்கன். அந்த மெசினில் நல்ல காலத்தில் 4 செக்கனுக்குள் எழும்பும். பின்னேரம் ஒயில் தாங்கியை வடித்து, பம்ப் ஒயிலை உறிஞ்சுகிற (சக்ஷன்) வழியிலுள்ள சல்லடையைக் கழற்றினால், அதில் ஒரு பழைய சாரத்தின் துண்டு சுற்றிக் கிடக்கிறது. முந்தி யாரோ ஒயில் மாற்றும்போது தாங்கியைத் துடைத்துவிட்டு உள்ளேயே விட்டது. பம்புக்கு ஒரு குறையும் இல்லை. பம்புக்கு முற்பணம் கொடுத்தவருக்குத்தான் குறை.

இங்கே எனக்கு வருகிற மெசின்கள் பெரும்பாலும் வயது போனவை. கட்டர்பில்லர் டி4, டி6, கொமட்சு டி50, டி65 என்று அந்த இனங்கள். ஹைட்ரோலிக் ஒயிலைத் தள்ளும் கியர் பம்ப், லீவரிலிருந்து கம்பியால் இணைத்த கொன்ட்ரோல் வால்வ், பிளேட்டைத் தூக்க இரண்டு சிலிண்டர். கீழே எழுதுவது அவற்றை மனதில் வைத்துத்தான். புதிய மெசின்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு விசயத்தை மட்டும் முதலே பிடித்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் வேகம் லீற்றர் கணக்கு, பிளேட்டின் பலம் அழுத்தக் கணக்கு. வெறும் பிளேட்டே மெதுவாக எழும்பினால் ஒயில் போதாது, அல்லது போகிற வழியில் எங்கோ களவாகத் தாங்கிக்குத் திரும்பிப் போகிறது. வெறுமையாகச் சுறுக்காய் எழும்பி, மண்ணோடு தூக்கும்போது நின்றால் அழுத்தம் காணாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இல்லாத வருத்தத்துக்கு மருந்து வாங்குகிறோம்.

கை வைக்க முன்னம்

பிளேட் நிலத்தில் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் நாலைந்து தரம் ஆட்டி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். தாங்கி மூடியையும் மெதுவாகத் திருகிக் காற்றை விடுங்கள். தூக்கிய பிளேட்டுக்குக் கீழே வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். பனங்குற்றி உருளும், சீமெந்துக் கல் நொறுங்கும். இரண்டையும் நம்ப வேண்டாம்.

ஒயில் சீறும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஒரு காட்போட் மட்டையைக் கிட்டப் பிடித்தால் அதில் ஈரம் படும். ஊசித் துவாரத்தால் வருகிற ஒயில் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியில் நுளம்பு கடித்த அளவுதான் தெரியும், நோவும் முதலில் பெரிதாக இராது. அப்படி நடந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல், நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று சொல்லுங்கள். மணித்தியாலங்கள் பிந்தினால் விரலையே இழக்கலாம்.

முதலில் நேரம்

"மெதுவாக எழும்புது" என்பது ஒரு அளவே இல்லை. ஒருவருக்கு மெதுவாக இருப்பது இன்னொருவருக்குப் பழகிப்போய் இருக்கும். மெசினைச் சமதரையில் நிறுத்தி, பிளேட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, நிலத்திலிருந்து உச்சிவரை எத்தனை செக்கன் என்று மூன்று தரம் பாருங்கள். ஒயில் ஆறியிருக்கும்போது ஒன்று, இரண்டு மணித்தியாலம் வேலை செய்து சூடேறிய பிறகு இன்னொன்று. அப்புறம் எஞ்சினை அரை வேகத்துக்கு இறக்கி ஒன்று. இந்த மூன்றையும் சிகரெட் பெட்டியிலாவது எழுதி வையுங்கள்.

ஏன் அரை வேகம்? ஒரு கணக்கு பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 110 மில்லிமீற்றர், ரொட் (சிலிண்டருக்குள் போய்வரும் தண்டு) தடிப்பு 65 மில்லிமீற்றர், ஓட்டம் 1 மீற்றர் என்று வைப்போம். அதிகமான டோசர்களில் பிளேட் எழும்பும்போது ரொட் உள்ளே போகும். ஆகவே நிரப்ப வேண்டியது ரொட் இருக்கிற பக்கம். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 12.4 லீற்றர். பம்ப் நிமிடத்துக்கு 200 லீற்றர் தந்தால் 3.7 செக்கன். அரை வேகத்தில் 100 லீற்றர், 7.4 செக்கன். நல்ல மெசினில் வேகம் பாதியானால் நேரம் இரட்டிக்கும், அவ்வளவுதான்.

இப்போது எங்கோ உள்ளுக்குள் 80 லீற்றர் ஒழுகுகிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் மிச்சம் 120, அதாவது 6.2 செக்கன், "கொஞ்சம் மந்தம்" என்று விட்டுவிடுவீர்கள். அரை வேகத்தில் மிச்சம் வெறும் 20 லீற்றர், 37 செக்கன். பிளேட் தவழும். ஒழுக்கு எஞ்சின் வேகத்தைப் பார்த்துக் குறைவதில்லை, அதனால் மெதுவாக ஓட்டும்போது காட்டிக்கொடுக்கிறது.

சக்ஷன் பக்கம் அடைத்திருந்தால் கதை தலைகீழ். அரை வேகத்தில் பம்புக்குத் தேவையான ஒயில் கிடைத்துவிடும், 7.4 செக்கனிலேயே எழும்பும். முழு வேகத்துக்கு ஏற்றினாலும் அடைப்பு விடுவதற்கு மேல் வராது. 7 செக்கனுக்குக் கிட்டவே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். சாரத் துண்டு மெசினில் எனக்கு வழி காட்டியது இதுதான். எஞ்சினை எவ்வளவு ஏற்றினாலும் பிளேட் அசையிற வேகம் மாறவேயில்லை.

எல்லாமே மெதுவாக இருந்தால்

பிளேட் தூக்குவது, பிளேட்டின் ஒரு மூலையைச் சரிக்கிற டில்ட், பின்னால் நிலத்தைக் கிளறுகிற ரிப்பர் இருந்தால் அதுவும், எல்லாம் மந்தம் என்றால் குறை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்: தாங்கி, சக்ஷன் ஹோஸ், பம்ப், மெயின் ரிலீஃப் வால்வ் (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஒயிலைத் தாங்கிக்கு விடுவது), எஞ்சின் வேகம். ஒன்று கவனியுங்கள். டில்ட் சிலிண்டர் ஒன்றுதான், அதன் ஓட்டமும் சின்னது. கொஞ்ச ஒயிலோடும் சுறுக்காக அசைவது போலத் தெரியும். அதைப் பார்த்து "டில்ட் நல்லம், ஆகவே பம்ப் நல்லம்" என்று முடிவு கட்டினால் பிழைக்கும்.

முதலில் எஞ்சின். வேகம் குறைக்கிற பெடல் மிதித்த இடத்திலேயே பாதியில் சிக்கி நின்றால் முழு வேகம் வராது. பெடலுக்குக் கீழே செம்மண் இறுகிப்போய் நிற்பதை வலிகாமத்தில் வேலை செய்கிற மெசின்களில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு அலவாங்கு முனையால் கிண்டி எடுத்தால் மெசின் திருந்திவிடும். டீசல் பில்டர், காற்றுப் பில்டர் அடைத்தாலும் அப்படித்தான், ஆனால் அப்போது தள்ளுகிற பலமும் சேர்ந்து குறையும்.

பிறகு ஒயில் மட்டம். இதைப் பிளேட்டை எந்த நிலையில் வைத்துப் பார்ப்பது என்று கையேட்டில் எழுதியிருக்கும். பெரும்பாலும் நிலத்தில் வைத்துத்தான். தூக்கி வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ரொட் இரண்டும் உள்ளே போகும்போது அவற்றின் கனவளவு ஒயில் தாங்கிக்குத் தள்ளப்படுகிறது. மேலே சொன்ன அளவு சிலிண்டருக்கு அது 6.6 லீற்றர். மட்டக் கண்ணாடியில் நிறைவாகத் தெரியும், பிளேட்டை இறக்கினதும் பம்ப் காற்றைக் குடிக்கும்.

ஒயிலின் நிறத்தையும் பாருங்கள். பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் உள்ளே காற்று, இல்லையென்றால் தண்ணி. ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து நிழலில் வையுங்கள். கால் மணித்தியாலத்தில் நுரை மேலே போய் ஒயில் தெளிந்தால் காற்று. அடுத்த நாளும் பால் நிறத்திலேயே நின்றால் தண்ணி. மாரியில் தாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தால் மழைத் தண்ணி இறங்குவது இங்கே சாதாரணம். சூடான தகட்டில் ஒரு துளி விட்டால் படபடவென்று பொரியும், அதுவும் தண்ணிக்கு அடையாளம். தகடு என்றால் பட்டறையில் கிடக்கிற தகடு. தோசைக்கல்லை எடுத்தால் வீட்டில் விழுகிற ஏச்சுக்கு நான் பொறுப்பில்லை.

காதையும் பாவியுங்கள். ஒயில் கிடைக்காமல் பம்ப் திணறினால், போளைகளைத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும். காற்றுக் கலந்தால் அதோடு ஒரு ஊளையும் சேரும், பிளேட்டும் விக்கி விக்கி எழும்பும். காற்று எங்கே போகிறது என்று பிடிக்க, எஞ்சினை ஓடவிட்டு, தாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸின் ஒவ்வொரு பொருத்திலும் கொஞ்சம் ஒயிலை ஊற்றிப் பாருங்கள். எந்தப் பொருத்தில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. எஞ்சின் ஓடும்போது இந்தப் பக்கத்தில் ஒயில் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே "ஒழுக்கு ஒன்றும் இல்லையே" என்பது சாட்சி ஆகாது.

சக்ஷன் ஹோஸ் பற்றி ஒரு முறைப்பாடு எனக்கு நெடுநாளாக இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினின் ஹோஸ் கையில் கிடைத்தால் அதைக் கொண்டுவந்து டோசருக்கு மாட்டிவிடுகிறார்கள். விட்டம் சரி, நீளம் சரி. ஆனால் அந்த இறப்பர் சூடான ஒயிலுக்குச் செய்ததில்லை. மூன்று மாதத்தில் உள்பக்கம் இளகி, உரிந்து, சூட்டில் வயிறு ஒட்டியது போல உள்வாங்கும். வெளியே பார்த்தால் புதுசு. காலையில் எல்லாம் சரி, ஒயில் கொதித்ததும் மந்தம். சூடாக இருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, ஹோஸை இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். தோசை மாவுப் பை மாதிரி அமுங்கினால் மாற்றுங்கள்.

காலையில் நல்லம், வெயில் ஏறினால் மந்தம்

இதுதான் அதிகம் கேட்கிற முறைப்பாடு. ஹோஸை மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது ஒயிலின் தடிப்பு. சில மெசினுக்கு 10 டபிள்யூ இன ஒயில், சிலதுக்கு ஐஎஸ்ஓ 46 ஹைட்ரோலிக் ஒயில் என்று கையேட்டில் தெளிவாக இருக்கும். எது மலிவோ அதை ஊற்றி, குறைகிறபோது கையில் இருக்கிறதைக் கலந்து வந்தால் சூட்டில் அது தண்ணி மாதிரி இளகிவிடும். பம்பின் பல்லுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள முடி அகல இடைவெளியால் அப்படி இளகின ஒயில் சுலபமாகத் திரும்பிப் போகும்.

சரி, ஒயில் கையேட்டில் சொன்னதுதான் என்றால், எங்கே சூடு பிறக்கிறது என்று தேடுங்கள். ஒயில் எங்கே வேலை செய்யாமல் நெருக்கிக்கொண்டு ஒழுகுகிறதோ அங்கேதான் சூடு கூடும். இப்போது கடையில் விற்கிற சின்ன வெப்பமானித் துவக்கு ஒன்று போதும், கிட்டப் பிடித்து அமத்தினால் இலக்கம் காட்டும். தாங்கி, பம்ப் உடம்பு, ரிலீஃப் வால்வ் இருக்கும் இடம், இடது சிலிண்டர், வலது சிலிண்டர் என்று வரிசையாகப் பாருங்கள். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் 10 பாகை கூடச் சூடு என்றால் அதன் பிஸ்டன் சீலில் சந்தேகம். ஒன்றுமே வேலை செய்யாமல் லீவர் நடுவில் நிற்கும்போதும் ரிலீஃப் வால்வ் பக்கம் கொதித்தால் அது மூடாமல் நிற்கிறது. தாங்கியே 80 பாகையைத் தாண்டினால் வேலையை நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் சீல்கள் கருவாடாகும். குளிரூட்டியின் துடுப்புகளுக்கு இடையில் செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து அடை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பற்றைக் காடு வெட்டித் துப்புரவாக்கிய மெசின் என்றால் நிச்சயம் பிடித்திருக்கும்.

வெறுமையாய் சுறுக்கு, மண்ணோடு நிற்கிறது

இது அழுத்தம். ஆனால் அதற்கு முன்னம் ஒரு கேள்வி: எங்கே நிற்கிறது? வலிகாமத்தில் பல இடங்களில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். பிளேட்டின் நுனியைக் கல்லுக்குக் கீழே கொளுவி, தூக்கும் சிலிண்டரால் கல்லைக் கிளப்பப் பார்த்தால் ரிலீஃப் வால்வ் திறக்கத்தான் செய்யும், அது அதன் வேலை. அந்த வேலைக்கு ரிப்பர் இருக்கிறது. இன்னொன்று, பிளேட்டுக்கு மேலே தகடு ஒட்டி உயரம் கூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மண் கூடக் கொள்ளட்டும் என்று ஒட்டிவிட்டு, தூக்கக் கஷ்டப்படுகிறது என்று மெசினைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் அழுத்தக் கேஜ் போடாமல் ஒரு திருகையும் தொடாதீர்கள். 400 பார் வரை காட்டுகிற கேஜ் ஒன்றைப் பம்பின் வெளிவழியில் உள்ள சோதனைத் துவாரத்தில் பூட்டுங்கள். ஒயில் சூடாக இருக்க வேண்டும். எஞ்சின் முழு வேகம், பிளேட்டை உச்சிவரை தூக்கி, லீவரை அப்படியே பிடித்து, இலக்கத்தைப் பார்த்துவிட்டு விடுங்கள். இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டாம், ஒயில் வெந்துவிடும். வாசித்ததைக் கையேட்டில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். மெசினுக்கு மெசின் அது வேறு, ஆகவே நான் இங்கே ஒரு இலக்கம் சொல்லப் போவதில்லை. கையேட்டில் பிஎஸ்ஐ என்று இருந்தால் 14.5ஆல் பிரித்தால் பார் வரும். 2000 பிஎஸ்ஐ என்பது 138 பார்.

ஒரு பழைய மெசினில் 138க்குப் பதிலாக 85 காட்டியது. உரிமையாளர் ஏற்கெனவே ஒருவரைக் கொண்டு ரிலீஃப் வால்வின் திருகை இரண்டு சுற்று இறுக்கியிருந்தார். வித்தியாசம் இல்லை. கழற்றி மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்தோம். ஸ்பிரிங் நேராக நின்றது. ஊசி வால்வின் கூம்பில், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மட்டும் தெரிகிற கறுப்புக் கீறல் ஒன்று. நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. ஓ-ரிங் ஒன்றின் சீவல், வெட்டி எறிந்த நகத் துண்டளவு. அது இருக்கையில் சிக்கி வால்வை மூடவிடாமல் பிடித்திருந்தது. துடைத்துப் பூட்டி, கேஜ் போட்டால் 190க்கு ஏறப் பார்க்கிறது, ஏனென்றால் முந்தி இறுக்கிய இரண்டு சுற்று அப்படியே நிற்கிறது. உடனே தளர்த்திச் சரியாக்கினோம். கேஜ் இல்லாமல் ஓட விட்டிருந்தால் அந்தப் பின்னேரமே ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்திருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி வைத்துப் பூட்டிய வால்வையும் என் கையால் கழற்றியிருக்கிறேன். அதைச் செய்தவரின் துணிச்சலை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது.

தூக்குவது மட்டும் மந்தம்

டில்ட், ரிப்பர் எல்லாம் தங்களுடைய பழைய நேரத்துக்கே அசைகின்றன, தூக்குவது மட்டும் இழுபடுகிறது என்றால் பம்பை மறந்துவிடலாம். குறை லீவருக்கும் தூக்கும் சிலிண்டருக்கும் இடையில்.

காசு செலவில்லாதது முதலில். லீவரை முழுதாக இழுக்கச் சொல்லி, கொன்ட்ரோல் வால்வில் ஸ்பூல் (ஒயில் வழியைத் திறந்து மூடும் தண்டு) எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, இணைப்புக் கம்பியைக் கழற்றி ஸ்பூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். கையால் இழுக்கும்போது கூடுதலாக வெளியே வருகிறது என்றால் இடையிலுள்ள முளைகளும் துவாரங்களும் தேய்ந்து, ஓட்டத்தைத் தின்கின்றன. ஸ்பூல் பாதி திறந்தால் ஒயிலும் பாதிதான். ஒரு முளையும் ஒரு புஷ்ஷும் மாற்றி முடிந்த வேலைகள் எனக்கு நிறைய உண்டு.

அடுத்தது குயிக் டிராப் வால்வ். எல்லா மெசினிலும் இல்லை. இருந்தால் சிலிண்டருக்குக் கிட்ட, ஹோஸ்கள் சேருகிற இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கட்டியாக இருக்கும். பிளேட்டைச் சட்டென்று விழவிடும்போது, ரொட் பக்க ஒயிலைத் தாங்கி வரை அனுப்பாமல் நேரே மற்றப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது இதன் வேலை. அந்த நிலையிலேயே இது சிக்கிக்கொண்டால், தூக்கும்போதும் பம்ப் தருகிற ஒயில் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் திரும்பிவிடும். பிடிப்பது சுகம். ஒரு தரம் பிளேட்டை மெல்ல மெல்ல இறக்கிவிட்டுத் தூக்கி நேரம் பாருங்கள். இன்னொரு தரம் தடாரென்று விழவிட்டுத் தூக்குங்கள். விழவிட்ட பிறகு மட்டும் மந்தம் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். கழற்றிக் கழுவினாலே பல தரம் சரியாகும்; உள்ளே கீறல் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பிறகு சிலிண்டர். தூக்கி நிறுத்தி எஞ்சினை நிறுத்தினால் பிளேட் தானாக இறங்குகிறதா? பிளேட்டின் மேல் விளிம்புக்கு நேரே ஒரு கம்பை நட்டு அடையாளம் வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கிட்டப் போய் அளக்க வேண்டாம். இறங்கினால் பிஸ்டன் சீலாக இருக்கலாம், ஸ்பூலாகவும் இருக்கலாம், குயிக் டிராப் வால்வாகவும் இருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால், பிளேட்டை உச்சிக்குத் தூக்கி, கீழே சிலிப்பர் கட்டை அடுக்கி, கட்டையில் பாரம் இருக்கச் செய்து, மேலே சொன்னபடி அழுத்தத்தை விடுங்கள். ரொட் உள்ளே போயிருக்க வேண்டும். அப்போது சிலிண்டரின் மேல்முனை ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை இரும்பு மூடியால் அடைத்து, சிலிண்டரின் துவாரத்துக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். எஞ்சினைக் குறைந்த வேகத்தில் விட்டு லீவரைத் தூக்கும் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்தால், முதலில் மிச்ச ஒயில் சொட்டும், அது எண்ணக்கூடாது. அதற்குப் பிறகும் நூல் பிடித்தது போல ஓடினால் பிஸ்டனைத் தாண்டி வருகிறது. மற்றச் சிலிண்டரையும் அதே மாதிரிப் பாருங்கள். ஒன்று போனால் இரண்டுக்கும் சீல் கிட் வாங்குங்கள், பயணச் செலவு மிச்சம்.

ரொட்டின் மேல்பூச்சையும் விரல் நகத்தால் நீளப்பாட்டுக்கு வருடிப் பாருங்கள். பிளேட்டை நிலத்தில் இறக்கி நிறுத்தும்போது ரொட் முழுதாக வெளியே நிற்கிறது. அராலி, ஊர்காவற்துறை, தொண்டைமானாறு போலக் கடற்காற்றுப் படுகிற இடத்தில் ஒரு மாதம் அப்படி நின்றால் பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். அந்தக் குழி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீலை அரம் போல அராவும். புது சீல் போட்டாலும் மாதக் கணக்குத்தான். வேலை இல்லாமல் நிறுத்தப் போகிறீர்களானால் ரொட்டில் கிறீஸ் பூசிச் சாக்கால் சுற்றுங்கள். திரும்ப எடுக்கும்போது அந்தக் கிறீஸை மணலோடு உள்ளே இழுக்காமல் துடைத்துவிட்டு எடுங்கள்.

தூக்க இழுத்தால் முதலில் ஒரு சாண் இறங்கிப் பிறகு எழும்புகிறது

இதைப் பார்த்தவுடன் சொல்லலாம்: கொன்ட்ரோல் வால்வுக்குள் இருக்கிற செக் வால்வ். லீவரை இழுத்த கணத்தில் பம்பின் அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது. பிளேட்டின் பாரம் ஒயிலைப் பம்பை நோக்கித் திருப்பித் தள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் இந்தச் சின்ன வால்வ். இருக்கை தேய்ந்தோ குப்பை சிக்கியோ மூடாவிட்டால் பிளேட் அமிழ்ந்து எழும்பும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்னும் கூடத் தெரியும். கழற்றிப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். அளவெடுத்து வரம்பு கட்டுகிற ஓப்பரேட்டருக்கு இந்தக் குறை பெரிய தலையிடி. சும்மா மண் தள்ளுகிறவர் வருடக் கணக்கில் கவனிக்கவே மாட்டார்.

ஒரு மூலை மட்டும் பின்தங்கி எழும்புகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அது தூக்குகிற குறையே இல்லை, டில்ட் சிலிண்டர் ஒழுகி அந்த மூலை இறங்குகிறது. மேலே சிலிண்டருக்குச் சொன்ன சோதனையை டில்டுக்குச் செய்யுங்கள்.

புதிய மெசின்களில் லீவர் நேரே ஸ்பூலைத் தள்ளுவதில்லை. சின்ன அழுத்தத்தில் ஓடுகிற பைலட் ஒயில்தான் தள்ளுகிறது, பெரும்பாலும் 30, 40 பார் அளவில். பைலட் பில்டர் அடைத்தால் ஸ்பூல் முழுதாகத் திறக்காது, பிளேட் மந்தமாகும். பெரிய பம்பைப் பார்க்க முன்னம் அந்தக் கைப்பிடி அளவு பில்டரை மாற்றுங்கள்.

கடைசியாகப் பம்ப்

சல்லடை சுத்தம், ஹோஸ் நல்லம், ரிலீஃப் சரி, சிலிண்டர் ஒழுகவில்லை, ஆனாலும் சூட்டில் எல்லாமே மந்தம், அரை வேகத்தில் தவழுகிறது. அப்படியென்றால் பம்ப் தேய்ந்துவிட்டது. உறுதிப்படுத்த, திரும்புகிற வழியிலுள்ள பில்டரைக் கழற்றி, கடதாசியை வெட்டி விரித்து வெயிலில் பிடியுங்கள். வெள்ளி மினுக்கம், பித்தளை நிறத் தூள் இருந்தால் பம்ப் தன்னைத் தானே தின்கிறது. கறுப்பு இறப்பர்த் துண்டு என்றால் சீல் அல்லது ஹோஸ். பம்பைக் கழற்றும்போது அதன் தண்டிலுள்ள பற்களையும் அது பூட்டுகிற இடத்தையும் பாருங்கள். பம்ப் நல்லதாக இருந்து இந்தப் பற்கள் மொட்டையாகி வழுக்கின மெசினும் கண்டிருக்கிறேன்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் வாங்கப் போகிறவர் பழையதைத் தூக்கிக்கொண்டே போவது நல்லது. அளவு, பற்களின் எண்ணிக்கை எல்லாம் பொருந்தியும் சுற்றுகிற திசை மாறியிருந்தால் அந்தப் பம்ப் உங்களுக்குக் கல்லு. தண்டின் பக்கம் இருந்து பார்த்து வலமா இடமா என்று குறித்து வையுங்கள். ஏ9 வீதியில் இரவு பஸ் ஏறி விடிய வந்து இறங்கி, பூட்டின பிறகு இதைக் கண்டுபிடித்தவருடைய முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தேய்ந்த பம்ப் விட்ட உலோகத் தூள் தாங்கியிலும் வால்விலும் சிலிண்டரிலும் கிடக்கிறது. தாங்கியைக் கழுவாமல், ஒயிலை மாற்றாமல், புதிய பில்டர் போடாமல் புதுப் பம்பை மட்டும் பூட்டினால் அதுவும் அதே வழிக்குப் போகும். பம்பின் வாயில் ஒயில் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்பிய பிறகே பூட்டுங்கள். எஞ்சினைத் தொடங்கி, ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில், ஒரு பாரமும் இல்லாமல் விடுங்கள். பிறகு பிளேட்டை முழு ஓட்டத்துக்கும் மெதுவாகப் பத்துத் தரம் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். நுரை அடங்கியதும் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், பிளேட் நிலத்தில். 50 மணித்தியாலம் ஓடியதும் பில்டரை இன்னொரு தரம் மாற்றி, வெட்டிப் பாருங்கள்.

அப்புறம் தொலைபேசியை எடுத்து, சூட்டில் முழு வேகத்துக்கும் அரை வேகத்துக்கும் நேரம் பிடித்து, இரண்டு இலக்கத்தையும் திகதியோடு கேபின் கூரையின் உள்பக்கம் பெயின்ற் பேனாவால் எழுதிவிடுங்கள். குளத்தில் நின்ற அந்த மெசினில் இப்போது 3.9, 8.1 என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஓப்பரேட்டர் தம்பி தன் கையால் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: "தாங்கிக்குள் துணி போடக்கூடாது."